மணாலியிலிருந்து லே வரை: எத்தனை நாள் வேண்டும்?

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் நெருங்கும்போது என் உள்பெட்டிக்கு ஒரே கேள்வி பல பெயர்களில் வந்து சேர்கிறது: "மணாலியிலிருந்து லே வரை மிதிவண்டியில் செல்ல எத்தனை நாள் வேண்டும்?" கேட்பவர்களில் பெரும்பாலோர் ஆய்வு மாணவர்கள். வழிகாட்டியிடம் கெஞ்சிப் பெற்ற எட்டு அல்லது ஒன்பது நாள் விடுப்புக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு. நான் இதுவரை ஓர் எண்ணை மட்டும் விடையாக அனுப்பி வந்தேன்: பன்னிரண்டு நாள். ஏன் அவ்வளவு என்று திருப்பிக் கேட்டவர்களுக்கு முழு விடை சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது என்பது ஒரு காரணம். அந்த விடைக்குள் இன்னொருவர் இருக்கிறார், அவருடைய இசைவு இல்லாமல் எழுதக்கூடாது என்பது மற்றொரு காரணம். சென்ற வாரம் அவரே, "எழுதுங்க அக்கா, யாருக்காவது பயன்படும்" என்றார். ஆகவே எழுதுகிறேன். சற்று நீளமான பதிவு, பொறுத்தருள்க.

முதலில் பாதையைப் பற்றி. மணாலி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லே 3,500 மீட்டர். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், ஏற்றம் 1,500 மீட்டர்தானே என்று எண்ணக்கூடும். ஆனால் இடையில் ஐந்து கணவாய்கள் நிற்கின்றன. ரோதாங் 3,978 மீட்டர். பாராலாச்சா ஏறத்தாழ 4,890. நகீ லா 4,700க்கு மேல். லாச்சுங் லா 5,000க்கு மேல். தங்லாங் லா 5,300க்கு மேல். பழைய சாலை வழியாக ஏறத்தாழ 475 கிலோமீட்டர். ஒவ்வொரு கணவாயிலும் ஏறியதையெல்லாம் இறங்கித் தொலைத்துவிட்டு மறுபடியும் ஏற வேண்டும். குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும் இந்தச் சாலையை எல்லைச் சாலை அமைப்பு கோடையின் தொடக்கத்தில் வெட்டித் திறக்கிறது. அந்தச் சில மாதங்களுக்குள்தான் ராணுவ வாகனங்களும் சரக்கு லாரிகளும் சுற்றுலா வண்டிகளும், அவற்றின் ஓரமாக மூச்சிரைத்துக்கொண்டு மிதிவண்டிக்காரர்களும் செல்கிறார்கள்.

இதில் கணக்கு எளியது. மிதிப்பவர், வண்டி, பக்கப் பைகள் அனைத்தும் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். இந்த எடையை 1,000 மீட்டர் உயர்த்த 980 கிலோஜூல் ஆற்றல் தேவை. தொடர்ந்து 100 வாட் தரக்கூடியவருக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். காற்றின் தடையும் சக்கரத்தின் உராய்வும் இதில் சேரவில்லை. நம் தசைகள் உண்ட உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைக்கூட மிதிப்பாக மாற்றுவதில்லை என்பதால், இந்த ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1,000 கிலோகலோரி உணவு செலவாகிறது. ஒரு நாளில் 1,500 மீட்டர் ஏறுவது, பழக்கம் உள்ளவருக்குச் சமவெளி அருகிலுள்ள குன்றுகளில் பெரிய காரியம் அல்ல. தாளில் எழுதிப் பார்த்தால் எட்டு நாள் போதும் என்றே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தாளில் வராத ஒன்று காற்று. மலைமேல் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். அங்கேயும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு இங்குள்ளது போலவே 21 விழுக்காடுதான். குறைவது அழுத்தம். தங்லாங் லாவின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைச் சற்றே தாண்டும். ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் நுரையீரலுக்குள் சேர்வது ஏறக்குறைய பாதிதான். 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடலின் உச்ச உழைப்புத் திறன் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறைகிறது என்பது உடலியலாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. பாராலாச்சாவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கீழே பாட்டுப் பாடிக்கொண்டே தந்த 100 வாட், அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு தர வேண்டிய 100 வாட் ஆகிவிடுகிறது.

உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் தன் வேகத்தில்தான் பழகும். 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் உறங்கும் உயரம், முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஏறாமல் ஒரே இடத்தில் தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் தரும் விதி இது. பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைக் காட்டிலும் இரவில் எங்கே உறங்கினோம் என்பதே முதன்மையானது. இளமையும் உடற்பயிற்சியும் இதில் காப்பு ஆகா. இமயத்தின் உயரங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட 1,925 இந்தியப் படைவீரர்களிடம் கண்ட உயர்மலை நோயைப் பற்றி இந்தர் சிங்கும் அவருடைய சக மருத்துவர்களும் எழுதிய கட்டுரை 1969இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. இத்துறையின் அடிப்படைக் கட்டுரைகளில் ஒன்றாக இன்றும் அது மேற்கோள் காட்டப்படுகிறது. நோயுற்ற அத்தனை பேரும் உடற்தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட படைவீரர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் 2019 சூலையில் எனக்குத் தெரிந்திருந்தன. என் தவற்றை அறியாமையின் கணக்கில் எழுத எனக்கு வழியில்லை என்பதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

2017இல் ஒரு குழுவோடு அந்தப் பாதையை ஒன்பது நாட்களில் முடித்திருந்தேன். சர்ச்சுவில் இரவு முழுவதும் தலை பிளந்தது. யாரிடமும் சொல்லாமல் மறுநாள் கட்டா வளைவுகளில் ஏறினேன். இருபத்தோரு கொண்டை ஊசி வளைவுகள். திரும்பி வந்த பிறகு, துறையின் தேநீர் மேசையில் அந்தக் கதையை எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. தலைவலியோடு ஏறினேன் என்பதுதான் கதையின் சுவையான பகுதி. கேட்டவர்களில் ஒருவர் அடுத்த ஆண்டு எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்த இளைஞர். தூத்துக்குடிக்காரர், பள்ளிக்குத் தினமும் மிதிவண்டியில் கடலோரமாகச் சென்று வந்தவர். அவரைத் தம்பி என்றே இங்கும் அழைக்கிறேன்.

2019 கோடையில், "நானும் வரேன் அக்கா" என்றார். எட்டு நாள் விடுப்பு கிடைத்தது. ஒன்பது நாட்களில் முடித்ததை எட்டில் முடிக்கலாம் என்று நான்தான் திட்டம் போட்டேன். கேலாங்கில் ஓய்வு நாள் என்று முதல் வரைவில் இருந்ததை நீக்கியதும் நான்தான்.

முதல் இரவு மர்ஹியில். மறுநாள் ரோதாங் ஏறி, கோக்சரில் இறங்கி, சந்திரா ஆற்றின் கரையோடு சிஸ்ஸு வரை சென்றோம். தம்பி என்னைவிட வேகமாக ஏறினார். வளைவுகளில் எனக்காகக் காத்து நின்றார். "நீ சளைக்கிற ஆளே இல்ல தம்பி" என்று வாயாரப் பாராட்டினேன். அவர் கூச்சத்தோடு சிரித்தார். அந்தப் பாராட்டு பின்னால் என்ன செய்யப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

மூன்றாம் நாள் தண்டியில், சந்திராவும் பாகாவும் கூடும் இடத்தைப் பார்த்தபடி தேநீர் குடித்தோம். அங்குள்ள எரிபொருள் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதிய பலகை இருந்தது. நமக்கு எரிபொருள் ரொட்டியும் பருப்பும்தானே என்று சிரித்துக்கொண்டோம். அன்றிரவு ஜிஸ்பா, 3,200 மீட்டர். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

நான்காம் நாள் தார்ச்சாவைத் தாண்டியதும் மரங்கள் முடிந்துவிட்டன. சாலையோரம் தார் காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் முகத்தைத் துணியால் மூடி, கண்களை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்திலிருந்து வந்திருந்தார்கள். ஒருவர் மண்வெட்டியை ஊன்றி நின்று, "சம்பளம் எவ்வளவு தருகிறார்கள் இதற்கு?" என்று எங்களிடம் கேட்டார். சம்பளம் இல்லை, எங்கள் பணத்தில்தான் போகிறோம் என்றதும் அவர் மற்றவர்களிடம் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அதே காற்றை மூச்சிழுத்து அவர்கள் போட்ட சாலையில் நாங்கள் வேடிக்கைக்காக மூச்சிரைத்துக்கொண்டிருந்தோம். தலை வலித்தால் நிறுத்தும் உரிமை அவர்களில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எங்களுக்கு அந்த உரிமை முழுமையாக இருந்தது. அதை நாங்கள் பயன்படுத்தவில்லை.

அன்றிரவு சிங்சிங்பாரில், ஏறத்தாழ 4,270 மீட்டரில் தங்கினோம். ஒரே நாளில் உறங்கும் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடியிருந்தது. 500 என்ற விதி எனக்குத் தெரியும். ஒரு நாள்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன். தம்பி இரவு உணவைத் தட்டில் அளைந்துகொண்டே இருந்தார். "என்னாச்சு?" என்றேன். "ஒண்ணுமில்ல அக்கா, மதியம் சாப்பிட்டது கொஞ்சம் அதிகம்" என்றார். என்னிடம் ஆக்சிமீட்டர் இருந்தது. அவர் விரலில் மாட்டினேன்: 82. என் விரலில்: 84. அந்த உயரத்தில் இது வழக்கமான அளவுதான் என்று சொல்லி, கருவியை உறையில் போட்டு வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்தேன் என்பதை இன்று எழுதும்போது கை தயங்குகிறது.

உயர்மலை நோயை அளக்க உலகெங்கும் பயன்படும் லேக் லூயிஸ் மதிப்பெண் முறையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தலைவலி, வயிற்றுக் கோளாறு, களைப்பு, தலைசுற்றல் ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண். தலைவலி இருந்து, கூட்டுத்தொகை மூன்றை எட்டினால் உயர்மலை நோய் என்று கொள்ளலாம். இந்த அளவுகோலில் ஆக்சிமீட்டருக்கு இடமே இல்லை. நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்ல வேண்டியவர் நோயாளி ஒருவரே. அவர் உண்மையைச் சொல்லவில்லை என்றால் அளவுகோலே இல்லை. நாம் ஆய்வகத்தில் கருவியைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் செலவிடுகிறோம்! இங்கே கருவி ஒரு மனிதரின் வாய். அது திறக்கும்படியான சூழலை அமைத்துத் தருவதுதான் சரிபார்ப்பு. நான் அதைச் செய்யவில்லை. கெடுத்தும் வைத்திருந்தேன். சளைக்காத ஆள் என்று பெயர் சூட்டப்பட்டவர், தலைவலியோடு ஏறிய வீரக்கதையைப் பலமுறை கேட்டவர், தனக்குத் தலை வலிக்கிறது என்று அந்தக் கதையைச் சொன்னவரிடமே எப்படிச் சொல்வார்?

ஐந்தாம் நாள் விடியலிலேயே புறப்பட்டோம். வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையை அறுத்துக்கொண்டு ஓடும் ஓடைகள் பெருகிவிடும். அவற்றைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். தம்பி இப்போது எனக்குப் பின்னால் வந்தார். நான்தான் வளைவுகளில் காத்து நின்றேன். இன்று நான் நன்றாக ஏறுகிறேன் என்று உள்ளூர மகிழ்ந்தது நினைவிருக்கிறது. சூரஜ் தால் ஏரியின் நீலத்தை அவர் படம் எடுக்கவில்லை. அதுவரை ஒவ்வொரு பாலத்தையும் படம் எடுத்தவர். பாராலாச்சா உச்சியில் கொடித் தோரணங்களுக்குக் கீழே ஒரு கல்லில் அமர்ந்து தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டார். "வலிக்குதா?" என்றேன். "லேசா" என்றார். "இனி இறக்கம்தான், கீழ போனா சரியாயிடும்" என்றேன்.

இறக்கம் என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பக்கம் இறங்குகிறோம் என்பதை நான் சொல்லவில்லை. பாராலாச்சாவிலிருந்து தெற்கே வந்த வழியில் திரும்பினால் அன்று மாலைக்குள் ஜிஸ்பாவின் 3,200 மீட்டரை அடைந்திருக்கலாம். வடக்கே இறங்கினால் சர்ச்சு. ஏறத்தாழ 4,300 மீட்டர். அதற்கப்பால் நகீ லா, லாச்சுங் லா. சர்ச்சு ஒரு பொறி. அங்கே நோயுற்றவர் எந்தத் திசையில் செல்ல வேண்டுமென்றாலும் கீழே போவதற்கு முன் மேலே போயாக வேண்டும். அந்தக் கல்லின் அருகே நின்ற ஐந்து நிமிடம்தான் முடிவெடுக்க வேண்டிய ஐந்து நிமிடம். திட்டத்தில் சர்ச்சு என்று எழுதியிருந்தது. நாங்கள் சர்ச்சுவுக்கு இறங்கினோம்.

மாலையில் அவர் வாந்தி எடுத்தார். கூடாரத்தில் படுத்தவர் கேட்டதற்கு மட்டும் மெதுவாக விடை சொன்னார். எட்டு மணி அளவில் வெளியே சென்று திரும்பியவரைத் தாபா நடத்திய பெண்மணி பார்த்துக்கொண்டே இருந்தார். என்னிடம் வந்து, "அந்தப் பையனை நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள்" என்றார் இந்தியில். ஒரு பாதத்தின் விரல்நுனியை அடுத்த குதிகால் தொடும்படி வைத்து, தானே இரண்டடி நடந்து காட்டினார். விளக்கொளியில் தம்பி நடந்தார். மூன்றாவது அடியில் சாய்ந்தார். பிடித்துக்கொண்டேன். மறுபடி முயன்றார், மறுபடி சாய்ந்தார். "அக்கா, தரைதான் சரியில்ல" என்றார்.

நடை தடுமாறினால் நோய் மூளையைத் தொட்டுவிட்டது என்று பொருள். உயர்மலை மூளை வீக்கம். காத்திருக்கக் கூடாது, காலை வரைகூடக் கூடாது. இதை நான் படித்திருந்தேன். அந்தப் பெண்மணி படித்ததாகத் தெரியவில்லை. பல கோடைகளாக அங்கே கடை நடத்தியவர், பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார். அவரே அடுத்த கூடாரங்களுக்கு ஓடி, சுற்றுலா வண்டி ஓட்டும் ஒருவரை எழுப்பினார். எங்கிருந்தோ ஆக்சிஜன் உருளை ஒன்றையும் வாங்கி வந்தார். என் மருந்துப் பையில் டெக்சாமெத்தசோன் இருந்தது. அதைக் கொடுத்தோம். மிதிவண்டிகளை அவர் கடைக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, இரவு ஒன்பதரை மணிக்குப் புறப்பட்டோம். வந்த பாராலாச்சாவையே இருட்டில் மறுபடி ஏறினோம். ஒரு கையால் முகமூடியை அழுத்திப் பிடித்து, மறு கையால் அவர் தோளை அணைத்துக்கொண்டு, நான் அவரிடம் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். ஊர் பெயர் கேட்டேன், அம்மா பெயர் கேட்டேன், பள்ளித் தலைமையாசிரியர் பெயர் கேட்டேன். ஒரு கட்டத்தில் அம்மா பெயருக்கு அவர் யோசித்தார். அந்த யோசனையின் நீளத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஓட்டுநர் ஒரு சொல்லும் பேசாமல் ஓட்டினார். கணவாயைத் தாண்டி, சிங்சிங்பாரைத் தாண்டி, தார்ச்சாவுக்கு இறங்கியபோது தம்பி, "தண்ணி வேணும்" என்றார். அவராகப் பேசிய முதல் சொல். அதிகாலையில் கேலாங் மருத்துவமனையில் சேர்த்தோம். 3,000 மீட்டர் உயரமும் ஆக்சிஜனும் மருந்தும் வேலை செய்தன. இரண்டாம் நாள் மாலை ஜன்னலோரம் உட்கார்ந்து ரொட்டி தின்றார். நேர்கோட்டில் நடந்து காட்டினார்.

அன்றிரவுதான் கேட்டேன். "சிங்சிங்பார்லயே தலை வலிச்சுதா?"

"ஜிஸ்பாவுலயே லேசா இருந்துச்சு அக்கா."

"ஏன் சொல்லல?"

நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சொன்னா நீங்க திரும்பிடுவீங்க. என்னால உங்க பயணம் கெட்டுப்போகும்" என்றார். இன்னும் சற்று நேரம் கழித்து, நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். "அக்கா, இன்னொண்ணும் சொல்லணும். மார்ச் மாசம் நாம எடுத்த மாதிரிகள்ல ரெண்டாவது தொகுதி கெட்டுப்போச்சு. குளிர்பதனப் பெட்டி ஒரு ராத்திரி நின்னுபோயிருந்துச்சு. நான் காலையில பாத்தேன். உங்ககிட்ட சொல்லப் பயந்து, திருப்பி ஓட்டிப் பாத்துட்டே இருந்தேன்."

அந்த இரண்டாவது தொகுதியின் தரவைத்தான் நான் மூன்று மாதங்களாக விளங்கிக்கொள்ள முயன்றுகொண்டிருந்தேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரே நோயின் இரண்டு குறிகளைப் பார்ப்பது போலிருந்தது. மலையில் அது ஐந்து நாளில் வெளிப்பட்டது. ஆய்வகத்தில் மூன்று மாதம் மறைந்திருந்தது. இரண்டு இடத்திலும் அவர் என்னிடம் சொல்லவில்லை. அவர் இயல்பிலேயே எதையும் மறைப்பவர் அல்லர். அப்படியென்றால் கேள்வி அவரைப் பற்றியது அன்று, என்னைப் பற்றியது.

நான் அவரை ஒருபோதும் கடிந்துகொண்டதில்லை. அதையே பல ஆண்டுகள் எனக்குச் சாதகமாக எண்ணியிருந்தேன். கடிந்துகொள்ளாமலே ஒருவரை வாயடைக்க முடியும் என்று கேலாங்கில்தான் தெரிந்தது. என் துன்பத்தைச் சாதனையாகச் சொன்ன ஒவ்வொரு முறையும், துன்பத்தைத் துன்பமாகச் சொல்வதை அவருக்குக் கடினமாக்கியிருந்தேன். என் பாராட்டுகள் எல்லாம் அவர் தாங்கிக்கொண்டதற்கானவை. நின்றதற்காகவோ திரும்பியதற்காகவோ நான் யாரையும் பாராட்டியதில்லை. நம் துறைகளில் மூத்தவர்கள் பலரும் இப்படித்தான் வளர்க்கப்பட்டோம், இப்படித்தான் வளர்க்கிறோம். காய்ச்சலோடு தரவு எடுத்ததையும், தூங்காமல் ஆய்வேடு முடித்ததையும் தேநீர் மேசையில் வைக்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் முதலாண்டு மாணவர், அதுதான் இங்கே நுழைவுக் கட்டணம் என்று புரிந்துகொள்கிறார்.

2022 ஆகஸ்டில் மறுபடி சென்றோம், அதே இருவர். இடையில் 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டிருந்தது. ஒன்பது கிலோமீட்டர் நீளம். மணாலிக்கும் லேவுக்கும் இடையிலான தொலைவில் 46 கிலோமீட்டரைக் குறைத்துவிட்டது. குளிர்காலத்தில் லாஹௌல் மக்களுக்கு அது பெரும் விடுதலை. விடுமுறைக்காரருக்கோ வேறொரு விளைவும் உண்டு. காலையில் மணாலியில் காரில் ஏறுபவர் மாலையில் சர்ச்சுவில் உறங்கிவிடலாம். சாலை வேகமாகிவிட்டது; உடல் பழைய வேகத்தில்தான் இருக்கிறது. நாங்கள் ரோதாங் வழியாகவே ஏறினோம். ஜிஸ்பாவில் இரண்டு இரவு. அங்கிருந்து ஒரு பகல் முழுவதும் சுமையில்லாமல் மேலே ஏறிச் சென்று, உறங்குவதற்குக் கீழே திரும்பினோம். மருத்துவரின் ஆலோசனையுடன் இருவரும் அசிட்டசோலமைடு எடுத்துக்கொண்டோம். மறுநாள் சிங்சிங்பாரில், தூக்கம் வராத ஒரு இரவுக்குப் பிறகு, மேலும் ஒரு நாள் ஏறாமல் கிடந்தோம். திட்டத்தில் இல்லாத நாள் அது.

ஒரு வழக்கத்தையும் வைத்துக்கொண்டோம். மாலையில் தேநீர் வந்ததும் நான் முதலில் என் உடல்நிலையைச் சொல்ல வேண்டும். நான்கு கேள்விகளுக்கும் மதிப்பெண்ணோடு. அதன் பிறகே அவர். மூத்தவர் முதலில் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்த வழக்கத்தின் உயிர். "தலைவலி ஒண்ணு, களைப்பு ரெண்டு" என்று முதல் நாள் நான் சொன்னபோது எனக்கே கூச்சமாக இருந்தது. பொய் சொல்லவில்லை என்ற கூச்சம். சிங்சிங்பாரில் நின்ற அந்த நாள் என் தலைவலிக்காகத்தான். அவர் நன்றாகவே இருந்தார். முகம் சுளிக்காமல் நாள் முழுவதும் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

சர்ச்சுவில் அந்தப் பெண்மணி எங்களை அடையாளம் கண்டுகொண்டார். தம்பியைப் பார்த்து, "நடந்து காட்டு" என்றார். அவர் குதிகாலும் விரல்நுனியும் தொட, கடையின் நீளத்துக்கும் நேராக நடந்து காட்டினார். தேநீருக்குக் காசு வாங்கிக்கொள்ள வைக்க நாங்கள் படாத பாடு பட்டோம். பிறகு கட்டா வளைவுகள், மோரே சமவெளியின் நாற்பது கிலோமீட்டர், தங்லாங் லா, ரும்சே, சிந்துவின் கரை. லேயை அடைந்தபோது பன்னிரண்டாம் நாள் முடிந்திருந்தது.

தம்பி இப்போது ஆய்வகத்தில் மூத்தவர். வாராந்தரக் கூட்டத்தில் அந்த வாரம் என்ன கெட்டுப்போனது என்று முதலில் அவர்தான் சொல்கிறார். குளிர்பதனப் பெட்டி நின்றுபோனதைப் புதிதாகச் சேர்ந்த மாணவி அன்று காலையே அவரிடம் வந்து சொன்னார் என்று சென்ற வாரம் என்னிடம் சொன்னார். அந்தப் பேச்சின் முடிவில்தான், எழுதுங்கள் என்றார்.

ஆகவே, கேட்டவர்களுக்கு: பன்னிரண்டு நாள். ஒன்பது நாள் விடுப்புதான் கிடைக்கிறது என்றால் ஜிஸ்பா வரை சென்று திரும்புங்கள். அதுவும் நல்ல பயணமே. உடன் உங்களைவிட இளையவர் ஒருவர் வருகிறார் என்றால், புறப்படும் முன் உங்கள் வீரக்கதைகளை அவரிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள்.